சாகசக் கதைச் சித்திரங்களும் அவற்றின் ஸ்தானமும்

கதைக்காக வரையப்பட்ட சித்திரம் கலையாகுமா, அல்லது கதைக்குக் குற்றேவல் செய்யும் கைத்தொழிலாகவே நின்றுவிடுமா என்ற வழக்கு ஓவிய உலகில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. இவ்வழக்கை விசாரிப்பதற்கு, இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் அமெரிக்க நாட்டில் சாகசக் கதைகளுக்கென்று தீட்டப்பட்ட தைலவர்ணச் சித்திரங்களைக் காட்டிலும் பொருத்தமான சாட்சியம் வேறெங்கும் கிடைப்பது அரிது. ஏனெனில் அந்நாட்டில் அக்காலத்தில் வேறெந்த ஓவியமும் அவ்வளவு பெருவாரியான மக்களின் கண்ணை எட்டியதில்லை. ஆயினும் அவற்றைத் தீட்டியவர்களிலேயே சிலர், தாம் செய்தது ஓவியந்தானா என்ற சந்தேகத்தோடு வாழ்ந்து மறைந்தார்கள். அவர்களுடைய சந்தேகம் நியாயமானதன்று என்பது என் அபிப்பிராயம்.

இச்சித்திரங்கள் தோன்றுவதற்குக் காரணமாக இருந்த அச்சுத் தொழிலின் மாறுதலை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 1880-ஆம் ஆண்டுகள் வரையில் பத்திரிகையில் ஒரு படம் வெளிவர வேண்டுமானால், ஓவியன் வரைந்ததை வேறொரு கைவினைஞன் மரக்கட்டையில் உளி கொண்டு செதுக்கித் தர வேண்டியிருந்தது. அச்செதுக்குக்காரர்களில் அபாரத் திறமைசாலிகள் இருந்தார்கள் என்பது மெய்யே எனினும், வாசகனை வந்தடைந்தது ஓவியனுடைய கோடு அன்று, செதுக்கியவனுடைய கோடு. ஹாஃப்டோன் பிளாக் வழக்கத்துக்கு வந்த பிறகு, கண்ணாடித் திரையின் வழியாகப் படத்தைப் புகைப்படமெடுத்து, அதைச் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாகப் பிரித்து உலோகத் தகட்டில் ஏற்றும் முறையினால், தூரிகையின் இழுப்பும் வர்ணத்தின் கனமும்கூட ஓரளவுக்குக் காகிதத்தில் இறங்கத் தொடங்கின. முதலில் கறுப்பு வெள்ளையிலும், பிறகு கறுப்புடன் சிவப்போ வேறு ஒரு நிறமோ சேர்ந்த இரட்டை வர்ணத்திலும் அச்சான படங்கள், நூற்றாண்டு திரும்பும் சமயத்தில் முழு வர்ணத்தில் வரலாயின. ஹார்ப்பர்ஸ், ஸ்கிரிப்னர்ஸ், செஞ்சுரி முதலிய மாதப் பத்திரிகைகளும், விளம்பரப் பணத்தினால் செழித்து லட்சக்கணக்கில் விற்பனையான சாட்டர்டே ஈவினிங் போஸ்ட், காலியர்ஸ் போன்ற வாரப் பத்திரிகைகளும் நல்ல தூரிகைக்காரர்களைப் போட்டியிட்டுத் தேடின. இன்னொரு காரணமும் உண்டு. 1891-க்கு முன்பு அந்நிய நாட்டு ஆசிரியர்களின் நூல்களுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை கிடையாதாகையால், அதற்கு முன் வெளியான ஆங்கிலக் கதைகளை அங்கே யார் வேண்டுமானாலும் அச்சிட்டு விற்கலாம். ஆகவே, பலரும் விற்கும் ஒரு கதையைத் தன் பதிப்புக்காகவே வாங்கச் செய்ய விரும்பிய பிரசுரகர்த்தனுக்கு, பிறர் கவர்ந்துகொள்ள முடியாத வர்ணச் சித்திரங்கள் பெரிய மூலதனமாயின.

அச்சு யந்திரமும் பணமும் இருந்தால் மட்டும் ஒரு கலைமரபு பிறந்துவிடாது; அதற்கு ஓர் ஆசான் வேண்டும். அந்த ஆசான் ஹோவர்ட் பைல். டெலவேர் மாகாணத்தில் வில்மிங்டன் நகரில் 1853-இல் ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்த இவர், 1883-இல் ராபின் ஹூடின் சரித்திரத்தைத் தாமே எழுதித் தாமே பேனாச் சித்திரங்களும் தீட்டி வெளியிட்டுப் புகழடைந்தார். அதற்கு முந்திய ஆண்டிலேயே, ஹார்ப்பர்ஸ் பத்திரிகையில் வந்த இவருடைய படங்களைக் கண்டு வியந்து, ஹாலந்தில் வறுமையோடு போராடிக்கொண்டிருந்த வின்சென்ட் வான் கோ தம் தம்பிக்கு எழுதிய கடிதமொன்றில் பாராட்டியிருக்கிறார். 1894-இல் பிலடெல்பியாவிலுள்ள டிரெக்செல் கலாசாலையில் சித்திரம் கற்பிக்கத் தொடங்கிய பைல், நூற்றாண்டின் இறுதியில் பிராண்டிவைன் ஆற்றங்கரையிலுள்ள சாட்ஸ் ஃபோர்ட் என்னும் கிராமத்தில் கோடைக்கால வகுப்புகளை நடத்தி, 1900-இல் அக்கலாசாலையை விட்டு விலகி, வில்மிங்டனில் தம் சொந்தப் பள்ளியை நிறுவினார். அங்கே பொறுக்கியெடுத்த சில மாணவர்களுக்குப் போதனைச் சம்பளமே வாங்காமல் கற்பித்தார். தம் காலத்தில் மிக அதிகமான ஊதியம் பெற்ற சித்திரக்காரர்களுள் ஒருவர், தமக்கே போட்டியாக வரக்கூடிய இளைஞர்களை இவ்வாறு உருவாக்கினார் என்பதை நினைக்கும்போது அவரிடம் மரியாதை பெருகாமல் இருக்க முடியவில்லை.

அவர் கற்பித்தது என்ன? கை நுட்பத்தைவிட மனநுட்பத்தையே அவர் பெரிதாகக் கொண்டார். தீட்டப்போகும் காட்சிக்குள் ஓவியன் தானே புகுந்து வாழ வேண்டும், அங்கே வீசும் காற்று தன் முகத்தில் படுவதை உணர வேண்டும், மறைவிலிருக்கும் சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறதென்றும் அறிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய உபதேசம். அதைக் காட்டிலும் முக்கியமான இன்னொன்றையும் அவர் வற்புறுத்தினார்: வெட்டும் குத்தும் நிகழும் உச்சகட்டத்தைத் தீட்டாதே, அதற்குச் சற்று முந்திய கணத்தையோ பிந்திய கணத்தையோ தேர்ந்தெடு. பாய்ந்து தாக்கும் உருவங்கள் கூத்து மேடையின் ஆர்ப்பாட்டத்தைத் தருமேயன்றி உண்மையான நாடக ரசத்தைத் தரமாட்டா என்பது அவர் கொள்கை. சாகசக் கதைக்குப் படம் போடுகிறவனிடம் சண்டையைப் போடாதே என்று சொல்வது முதலில் விபரீதமாகத் தோன்றலாம். ஆனால் இந்த மரபில் இன்றும் நிலைத்திருக்கும் சித்திரங்களை எடுத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரு கட்டளையின் பயனாகவே நிலைத்திருக்கின்றன என்று காணலாம்.

பைலின் கடற்கொள்ளைக்காரச் சித்திரங்களைப் பாருங்கள். 1909-இல் அவர் தீட்டிய ஒரு படத்தில், சகாக்களால் ஆளற்ற தீவில் விட்டுவிடப்பட்ட ஒருவன் மணற்பரப்பில் முழங்காலைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறான். கப்பல் இல்லை, கத்தி இல்லை, ரத்தம் இல்லை. மஞ்சள் பாய்ந்த பெருவெளியும், அதில் ஒரு சிறு உருவமும், மேலே சில பறவைகளும் மட்டுமே உண்டு. இதே பொருளை 1887-இல் தம் கட்டுரையொன்றுக்காகக் கறுப்பு வெள்ளையில் அவர் முன்பே தீட்டியிருந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதை மீண்டும் எடுத்து விஸ்தாரமான வர்ணச் சித்திரமாக்கினார் என்றால், பத்திரிகையின் தேவை தீர்ந்த பின்பும் அவ்விஷயம் அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை என்பது தெளிவு. கூலிக்கு வேலை செய்பவன் இவ்வாறு திரும்பி வருவதில்லை.

கொள்ளைக்காரன் என்றதும் தலையில் கட்டிய துணியும், இடையில் சுற்றிய அகன்ற சிவப்புக் கச்சையும், காதில் வளையமும் நம் மனக்கண்ணில் எழுகின்றன அல்லவா? அந்த வேஷத்தைச் சரித்திர ஆதாரங்களிலிருந்து எடுத்ததைவிட அதிகமாகத் தம் கற்பனையிலிருந்தே பைல் எடுத்தார் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அவர் மறைந்தபின் 1921-இல் அவருடைய கொள்ளைக்காரக் கதைகளும் படங்களும் ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டன. 1926-இல் டக்ளஸ் ஃபேர்பாங்ஸ் நடித்து வெளிவந்த ‘தி பிளாக் பைரேட்’ என்ற வர்ணத் திரைப்படம் அவருடைய சித்திரங்களைத் தன் முன்மாதிரியாகக் கொண்டது. அதற்குப் பின் வந்த படங்கள் அந்தப் படத்தைப் பின்பற்றின. வில்மிங்டனில் இருந்த ஒரு மனிதரின் கற்பனை இவ்விதமாக உலகத்தின் பொது ஞாபகமாகிவிட்டது.

1910-இன் இறுதியில் பைல் முதன்முறையாக ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். அதுவரையில் அயல்நாட்டுப் பயிற்சியை அமெரிக்க ஓவியனுக்கு அவசியமில்லையென்று ஒதுக்கிவந்தவர், இத்தாலியில் பழைய ஆசான்களின் மூலச் சித்திரங்களை நேரில் கண்டு தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆனால் அந்த மாறுதல் அவர் தூரிகையில் பலிப்பதற்குள், 1911 நவம்பரில் ஃபிளாரன்ஸ் நகரில் காலமானார். அதே ஆண்டில்தான் அவருடைய தலைசிறந்த மாணவரின் தலைசிறந்த நூல் நியூயார்க்கில் வெளிவந்தது.

அம்மாணவர் என். சி. வையெத். மாசசூசெட்ஸ் மாகாணத்தில் நீதம் என்ற ஊரில் 1882-இல் பிறந்து, இருபது வயதில் பைலிடம் வந்து சேர்ந்தவர். வந்து சில மாதங்களுக்குள்ளேயே, துள்ளியெழும் குதிரைமேல் அமர்ந்த மாட்டுக்காரனின் உருவம் ஒன்றை சாட்டர்டே ஈவினிங் போஸ்டின் அட்டைக்கு 1903 பிப்ரவரியில் அளித்தார். தாம் தீட்டுவதைத் தாமே அனுபவித்தறிய வேண்டுமென்ற குருவின் வாக்கை மதித்து, அடுத்த ஆண்டு மேற்குப் பிரதேசத்துக்குச் சென்று மாடு வளைக்கும் கூட்டத்தாரோடு வேலை செய்தார். 1911-இல் ஸ்கிரிப்னர் பிரசுராலயத்தார் ஸ்டீவன்ஸனின் ‘புதையல் தீவு’க்குச் சித்திரங்கள் கேட்டபோது அவருக்கு வயது இருபத்தெட்டு. சில மாதங்களில் பதினேழு கித்தான்களைத் தீட்டி முடித்து, 2,500 டாலர் ஊதியம் பெற்று, அப்பணத்தைக் கொண்டு சாட்ஸ் ஃபோர்டில் பதினெட்டு ஏக்கர் நிலம் வாங்கி வீடும் சித்திரசாலையும் கட்டிக்கொண்டார்.

இந்தப் பதினேழையும் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அவை புத்தகத்தில் ஒரு சாண் உயரங்கூட இல்லாத படங்களாகவே அச்சாயின; ஆனால் மூலச் சித்திரங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய நான்கடி உயரமுள்ளவை. அவ்வளவு பெரிதாகத் தீட்டியதை அவ்வளவு சிறிதாகச் சுருக்கும்போது அற்ப விவரங்கள் மறைந்துபோகும் என்பதை வையெத் அறிந்திருந்தார். ஆதலால் உருவங்களைப் பெரிய திரள்களாக அமைத்து, வெளிச்சத்தையும் நிழலையும் ஒன்றோடொன்று மோதவிட்டு, மனிதரைக் கீழிருந்து நிமிர்ந்து பார்க்கும் சிறுவனின் கண்கொண்டு தீட்டினார். கதை சொல்பவன் ஜிம் என்னும் சிறுவன். படம் காண்பவனும் அவனுடைய உயரத்திலிருந்தே காண்கிறான். குன்றின் விளிம்பில் தொலைநோக்கியை ஏந்தி, காற்றில் மேலங்கி பறக்க நிற்கும் பில் போன்ஸ் ஒரு குடிகார மாலுமிதான். ஆயினும் அந்தப் படத்தில் அவன் மலைபோல நிற்கிறான்.

ஜிம் வீட்டைவிட்டுப் புறப்படும் சித்திரமே இத்தொகுதியின் சிகரம் என்று நான் கருதுகிறேன். ஸ்டீவன்ஸன் இந்தப் பிரிவை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்: தாய்க்கும், பிறந்த கரைக்கும், பழகிய விடுதிக்கும் விடை சொன்னதாக ஜிம் கூறுகிறான், அவ்வளவே. தாய் அழுதாளா என்று கதை சொல்லவில்லை. ஜிம்மோடு ரெட்ரூத் என்ற முதிய வேலைக்காரனும் நடந்து போகிறான் என்பதே கதை. வையெத் அந்த முதியவனை நீக்கிவிட்டார். கையில் மூட்டையோடு ஜிம் நம்மை நோக்கி முன்னே வருகிறான். பின்னால் வீட்டருகே தாய் மேலாடையில் முகம் புதைத்து அழுகிறாள். திரும்பிப் பார்க்கக்கூடாதென்று பல்லைக் கடித்த உறுதி பையனின் முகத்தில் தெரிகிறது. கதாசிரியன் ஓர் உற்சாகமான பிரயாணத்தின் தொடக்கமாக வைத்த இடத்தை, அந்தப் பிரயாணத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று காட்டும் இடமாகச் சித்திரக்காரன் மாற்றிவிட்டான். கதைக்கு அடிமையான தூரிகை இதைச் செய்யுமா? கதையை ஆழ்ந்து படித்து, அது மௌனமாக விட்ட இடத்தைக் கண்டுபிடித்து, அந்த மௌனத்துக்குள் தன் சொந்த அனுபவத்தை வைப்பது சுதந்திரமான கலைஞனின் செயல்.

குருட்டுப் பிச்சைக்காரன் பியூவின் சித்திரமும் இத்தகையதே. கூட்டாளிகள் கைவிட்டு ஓடிப்போக, நிலா வெளிச்சத்தில் சாலையின் நடுவே கோலைத் தட்டிக்கொண்டு வெற்று வெளியைத் துழாவுகிறான் அவன். அடுத்த கணம் குதிரைகளின் குளம்படியில் மிதிபட்டு இறக்கப்போகிறான். குதிரைகளைத் தீட்டுவதே எளிது, பரபரப்பும் அதிகம். வையெத் குதிரைகளைத் தீட்டவில்லை. அதுவரை நம்மை நடுங்கச்செய்த கொடியவன்மீது, அந்த ஒரு பக்கத்தில் மட்டும் நமக்கு இரக்கம் பிறந்துவிடுகிறது. பாய்மரத்தின் மேலே இரு கைத்துப்பாக்கிகளோடு ஜிம்மும், கத்தியோடு ஏறிவரும் இஸ்ரேல் ஹாண்ட்ஸும் எதிரெதிரே இருக்கும் படத்திலும் வெடி இன்னும் வெடிக்கவில்லை. பைலின் கட்டளையை மாணவன் எவ்வளவு நன்றாகக் கேட்டிருந்தான்!

இந்த நூலின் வெற்றியைத் தொடர்ந்து ஸ்கிரிப்னர் பிரசுராலயத்தார் ‘கிட்னாப்ட்’ (1913), ‘தி பிளாக் ஆரோ’ (1916), ஆர்தர் மன்னனின் கதை (1917), ஜூல்ஸ் வெர்னின் ‘மர்மத் தீவு’ (1918), கூப்பரின் ‘மோஹிகன்களில் கடைசி மனிதன்’ (1919) எனப் பல நூல்களை வையெத்தின் சித்திரங்களோடு வெளியிட்டனர். வேறு பிரசுராலயங்களுக்காக ராபின் ஹூடையும் (1917) ராபின்ஸன் குரூஸோவையும் (1920) அவர் தீட்டினார். எல்லாம் ஒரே தரமுடையவை என்று சொல்வதற்கில்லை. ஆர்தர் மன்னனின் கதையில் உச்சகட்ட மோதல்கள் மிகுந்திருப்பதாலேயே அது என் மனத்தில் புதையல் தீவுக்குக் கீழ்ப்பட்டே நிற்கிறது.

பைலின் ஏனைய மாணவர்களில் ஃபிராங்க் ஸ்கூனோவர் முதலாவதாகக் குறிப்பிடத்தக்கவர். 1903-ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் கனடாவின் ஹட்ஸன் விரிகுடாப் பிரதேசத்துக்குச் சென்று, நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியிலும் பனிப்பாதுகையிலும் நெடுந்தூரம் சுற்றி, வேடர்களோடு வாழ்ந்து திரும்பினார். அவருடைய பனிக்காட்சிகளில் நிழல் ஏன் நீலமாக இருக்கிறது என்பதை அங்கே குளிரில் நின்று கற்றுக்கொண்டார். ஹார்வி டன் தெற்கு டக்கோட்டாவின் உழவர் குடியில் பிறந்தவர். குருவைப்போலவே தாமும் ஆசானாகி, 1915 முதல் நியூஜெர்ஸியில் டீன் கார்ன்வெல் முதலிய அடுத்த தலைமுறையினரை உருவாக்கினார். ஜாக் லண்டனின் ‘தி கால் ஆஃப் தி வைல்ட்’ 1903-இல் வந்தபோது அதற்குப் படம் தீட்டிய இருவருள் ஒருவரான ஃபிலிப் குட்வினும் பைலிடம் பயின்றவரே. பெண்களும் அவரிடம் பலர் பயின்றார்கள். ஜெஸ்ஸி வில்காக்ஸ் ஸ்மித், எலிஸபெத் ஷிப்பன் கிரீன், வயலட் ஓக்லி ஆகிய மூவரும் பெரும்புகழ் அடைந்தவர்கள். ஆயினும் கடலும் காடும் வாளும் நிறைந்த சாகசக் கதைகள் பெரும்பாலும் ஆண்களுக்கே தரப்பட்டன. குழந்தைகளும் தாய்மாரும் தோட்டமும் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. திறமையின் அளவை வைத்துச் செய்த பங்கீடு அன்று அது.

இந்த உயர்ந்த பத்திரிகைகளுக்குக் கீழே, மலிவான மரக்கூழ்க் காகிதத்தில் அச்சாகி, உழைக்கும் மக்களால் வாங்கப்பட்ட கதைப் பத்திரிகைகளின் உலகம் ஒன்று இருந்தது. ஆர்கஸி, ஆல்-ஸ்டோரி, அட்வெஞ்சர் ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை. எட்கர் ரைஸ் பரோஸின் டார்ஸான் முதன்முதலாகத் தோன்றியது 1912 அக்டோபர் ஆல்-ஸ்டோரி இதழில். கிளிண்டன் பெட்டி தீட்டிய அதன் அட்டையில் டார்ஸான் சிங்கத்தின்மேல் ஏறிக் கத்தியை ஓங்கியிருக்கிறான். கடைத்தெருவில் நூறு இதழ்களுக்கு நடுவே கண்ணைப் பிடித்திழுக்க வேண்டிய அட்டைக்குப் பைலின் கட்டளை ஒத்துவராது. உச்சகட்டமே அங்கே விலைப்பொருள். ஆகவே அட்டைகளில் பெரும்பகுதி ஒன்றைப்போல மற்றொன்று இருப்பதில் வியப்பில்லை. இந்த நெருக்கடிக்குள்ளும் அழகைக் காப்பாற்றியவராக ஜே. ஆலன் செயின்ட் ஜான் என்ற சிகாகோ ஓவியரைச் சொல்ல வேண்டும். 1916-இல் வெளியான ‘தி பீஸ்ட்ஸ் ஆஃப் டார்ஸான்’ முதலாகப் பரோஸின் பல நூல்களுக்கு மேலுறையும் உட்படங்களும் தீட்டிய அவர், உடலின் கட்டமைப்பை நன்கு அறிந்தவர். அவருடைய உருவங்கள் பாயும்போதும் ஒரு நடனத்தின் லயத்தோடு பாய்கின்றன. 1960-களில் ஃபிராங்க் ஃபிரஸெட்டா பரோஸின் மலிவுப் பதிப்புகளுக்குத் தீட்டிய அட்டைகளில் செயின்ட் ஜானின் வழித்தடம் தெளிவாகத் தெரிகிறது.

இம்மரபின் குற்றங்களை மறைப்பது நேர்மையாகாது. சாகசக் கதைகள் எந்த மனப்பான்மையோடு எழுதப்பட்டனவோ, அதே மனப்பான்மை சித்திரங்களிலும் படிந்திருக்கிறது. ஆப்பிரிக்க மக்கள் பெரும்பாலும் ஈட்டியேந்திய கும்பலாகவே வருகிறார்கள். ஆசிய முகம் சூழ்ச்சிக்கு அடையாளமாக்கப்படுகிறது. அமெரிக்கப் பழங்குடியினரை வையெத் கௌரவத்தோடு தீட்டினார் என்பது உண்மை. 1907-இல் அவர் வெளியிட்ட, காட்டின் தனிமையில் நிற்கும் செவ்விந்தியரின் வரிசை அமைதியும் அழகும் வாய்ந்தது. ஆயினும் அந்த மனிதர் மறைந்துபோகும் இனமாகவே அங்கே நிற்கிறார். நிலத்தை இழந்து, உயிரோடு உரிமை கேட்டுக்கொண்டிருந்த மக்களுக்கு அந்தப் படங்களில் இடமில்லை. சொல்லப்படாததைக் காணும் கண்ணை வையெத் ஜிம்மின் தாய்க்குத் தந்தார், இவர்களுக்குத் தரவில்லை. கலைத்திறன் குறைந்த இடத்தில் நேர்ந்த பிழையாயின் மன்னித்துக் கடந்துவிடலாம். திறன் நிறைந்த கையிலேயே நேர்ந்ததால் இது அதிகமாக வருத்துகிறது.

இனி, முதலில் கூறிய சந்தேகத்துக்கு வருவோம். மேற்குப் பிரதேசக் காட்சிகளால் புகழ்பெற்ற ஃபிரெடரிக் ரெமிங்டன், பைலின் பள்ளியைச் சேர்ந்தவரல்லர் எனினும் இத்தொழிலின் முன்னோடி. தாம் சித்திரக்காரர் மட்டுமல்ல, ஓவியரும் ஆவார் என்று நிலைநாட்டும் வேட்கையில், 1907-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம் பழைய சித்திரங்கள் பலவற்றைத் தாமே தீயிலிட்டார். 1913-இல் நியூயார்க்கில் நடந்த ஆர்மரி கண்காட்சி ஐரோப்பாவின் நவீன ஓவியத்தை அமெரிக்கருக்கு அறிமுகம் செய்த பிறகு, கதை சொல்லும் படம் என்பதே விமர்சகர்களின் வாயில் வசைச்சொல்லாயிற்று. வையெத்தும் தம் தொழிலை ஒரு விலங்காகவே எண்ணி வருந்தினார். நிலக்காட்சிகளும் சுவர்ச்சித்திரங்களும் தீட்டி, ஓவியர் என்ற பெயரை நாடினார். 1945 அக்டோபரில் சாட்ஸ் ஃபோர்டுக்கு அருகே ரயில் பாதையைக் கடக்கையில், உடனிருந்த சிறு பேரனோடு விபத்தில் உயிர் துறக்கும்வரை அந்த ஏக்கம் அவரை விடவில்லை. அவர் மகன் ஆண்ட்ரூ வையெத் கதைகளுக்குப் படம் போடும் தொழிலை விட்டு விலகி, தந்தை நாடிய பெயரைப் பெற்றார். ஆனால் தந்தை விலங்காக எண்ணிய தொழிலில் பிறந்த புதையல் தீவுச் சித்திரங்களுக்கு ஈடாக, அவரே விரும்பித் தீட்டிய நிலக்காட்சிகளில் ஒன்றையும் என்னால் சொல்ல முடியவில்லை. ஐரோப்பாவின் பழம்பெரும் ஆசான்கள் வேதநூல் கதைகளுக்குத் தேவாலயச் சுவரில் படம் போட்டதை இழிவென்று யாரும் சொல்வதில்லை. கதை அச்சுப் புத்தகத்தில் இருப்பதனால் மட்டும் சித்திரம் தாழ்ந்துவிடுமென்பது நியாயமாகாது.

1930-களில் பொருளாதார மந்தமும், சினிமாவும், பத்திரிகைகளில் புகைப்படத்தின் ஆதிக்கமும் சேர்ந்து இந்தத் தொழிலின் வளத்தைக் குறைத்தன. மிஞ்சியவற்றின் கதி இரண்டு விதமாயிற்று. பைல் மறைந்த மறு ஆண்டே வில்மிங்டன் நகரத்தார் ஒரு கலைச் சங்கம் கூட்டி, அவருடைய சித்திரங்களைச் சேகரித்தார்கள். அச்சங்கமே இன்றைய டெலவேர் கலைக்கூடம். சாட்ஸ் ஃபோர்டில் பழைய மாவாலைக் கட்டடமொன்றில் 1971-இல் திறக்கப்பட்ட பிராண்டிவைன் கலைக்கூடத்தில் வையெத்தின் கித்தான்கள் பல தொங்குகின்றன. மலிவுப் பத்திரிகைகளின் அட்டைச் சித்திரங்களுக்கோ அப்படிப்பட்ட பாதுகாவலர் கிடைக்கவில்லை. அச்சானதும் அவற்றின் வேலை முடிந்ததாக எண்ணிய அலுவலகங்களில், மூலங்களில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. பழைய படப்புத்தகம் ஒன்று கைக்குக் கிடைக்கும் வாசகர்கள், அதைக் கிழிந்த காகிதமென்று ஒதுக்காமல், படத்தின் மூலையில் கையெழுத்திட்டிருப்பவர் யாரென்று பார்த்து, அந்தப் படத்துக்குரிய கதைப்பக்கத்தையும் எடுத்து ஒருமுறை ஒப்பிட்டுப் படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.